டிக்கியில் வந்த குழாய்கள்

1967-ஆம் ஆண்டு அமெரிக்காவில் செவ்ரோலெட் நிறுவனம் கமாரோ இசட்-28 என்ற காரை விற்பனைக்குக் கொண்டுவந்தது. முதல் ஆண்டில் விற்றவை 602 கார்கள்தாம். கூடுதல் பணம் கட்டியவர்களுக்கு ஒரு வேடிக்கை காத்திருந்தது. புதுக் காரின் டிக்கியைத் திறந்தால், வளைந்து நெளிந்த இரும்புக் குழாய்கள் இரண்டு கொத்தாக உள்ளே கிடக்கும்! எஞ்சினில் மாட்டவேண்டிய புகைக்குழாய்கள் அவை. கடைக்காரரோ வாங்கியவரோ பிறகு மாட்டிக்கொள்ளட்டும் என்று டிக்கியில் போட்டு அனுப்பிவிட்டார்கள். அந்தக் கொத்துக்குப் பெயர் ஹெடர்.

அந்தக் காரில் புகை போக ஏற்கெனவே வழி இருந்தது. பிறகு எதற்கு இன்னொன்று?

பானட்டுக்குள் எட்டிப் பார்ப்போம். 4.9 லிட்டர் எஞ்சின். இடப்பக்கம் நான்கு, வலப்பக்கம் நான்கு என எட்டு சிலிண்டர்கள். எஞ்சின் நிமிடத்துக்கு 3000 முறை சுழலும்போது ஒவ்வொரு சிலிண்டரும் நொடிக்கு 25 முறை புகையைக் கக்குகிறது. இப்படி எட்டு சிலிண்டர் உள்ள சாதாரணக் கார்களில் ஒரு பக்கத்து நான்கு சிலிண்டர்களின் புகையும் வார்ப்பிரும்பாலான ஒரே குட்டைக் கூட்டில் போய் விழும். அதற்கு மேனிஃபோல்டு என்று பெயர். விலை குறைவு, சத்தம் குறைவு, பல வருடம் உழைக்கும். ஆனால் பெருமழையில் நான்கு வீட்டுத் தண்ணீரும் ஒரே சின்ன வாய்க்காலில் விழுந்தால் என்ன ஆகும்? ஒரு வீட்டுத் தண்ணீர் இன்னொரு வீட்டு முற்றத்துக்குள் எதிர்த்து ஏறும். இங்கே புகைக்கும் அதே கதிதான்.

நம்பிக்கை இல்லையென்றால் ஒரு தாளில் இந்த எண்களை எழுதுங்கள்: 1, 8, 4, 3, 6, 5, 7, 2. இந்த எஞ்சினில் சிலிண்டர்கள் எரியும் வரிசை இது. ஒற்றைப்படை எண்கள் எல்லாம் இடப்பக்கம், இரட்டைப்படை எண்கள் வலப்பக்கம். ஒற்றைப்படை எண்களைச் சுற்றி வட்டம் போடுங்கள். 5-ம் 7-ம் ஒட்டி வருகின்றன, பார்த்தீர்களா? ஐந்தாம் சிலிண்டர் புகையை வெளியேற்றி முடிப்பதற்குள் பக்கத்திலேயே ஏழாம் சிலிண்டர் தன் புகையைக் கக்கிவிடும். வலப்பக்கம் 8-க்கும் 4-க்கும் இதே தள்ளுமுள்ளு. பழைய அமெரிக்கக் கார்களின் அந்தக் ‘குடகுட’ சத்தத்துக்கும் இந்த ஒழுங்கற்ற தாளம் ஒரு காரணம்.

ஹெடரில் ஒவ்வொரு சிலிண்டருக்கும் தனிக்குழாய். ஏறத்தாழ 80 சென்டிமீட்டர் தனியாக ஓடிய பிறகே நான்கும் ஒரு பெரிய குழாயில் சேரும். பேருந்து விரைந்து போனால் சாலையோரச் சருகுகள் அதன் பின்னால் இழுபட்டு ஓடுமே, அதுபோல வேகமாகப் பாயும் புகை தன் பின்னால் ஓர் இழுப்பை உண்டாக்குகிறது. போதாததற்கு, அழுத்த அலை அகன்ற குழாயைத் தொட்டதும் உறிஞ்சும் அலையாக மாறித் திரும்பி வருகிறது. சரியான நொடியில் அது சிலிண்டரை எட்டினால், மிச்சப் புகையை வெளியே இழுத்து, புதுக் காற்று நுழைய இடம் பண்ணிக் கொடுக்கும். ஒரு காசு பெட்ரோல் கூடுதலாகக் கேட்காமல் வெறும் குழாயின் நீளமே இந்த வேலையைச் செய்கிறது என்பதை நினைக்கும்போதெல்லாம் எனக்கு வியப்புத்தான்.

புகையின் வேகம் அதன் சூட்டில் இருக்கிறது. சாதாரணக் காற்றில் ஒலி அலை நொடிக்கு 343 மீட்டர் ஓடும். 600 டிகிரி சூட்டில் அதே அலை ஏறக்குறைய 590 மீட்டர் ஓடும். புகை ஆறினால் சுருங்கும், வேகம் குறையும். ஹெடரோ மெல்லிய எஃகு. சூட்டை வெளியே விட்டுவிடும். பானட்டுக்குள் அனல் அடிக்கும், பக்கத்து பிளக் ஒயர் கருகும்.

அதற்குத்தான் பூச்சு. குழாயின் எண்ணெய்ப் பிசுக்கைப் போக்கி, மணல் போன்ற துகள்களைப் பீய்ச்சிச் சுரண்டி, பீங்கான் வகைப் பொருளும் அலுமினியத் தூளும் கலந்த குழம்பை உள்ளும் புறமும் தெளித்து அடுப்பில் சுடுகிறார்கள். தடிமன் தலைமுடி அளவுதான். பீங்கான் சூட்டை மெதுவாகவே கடத்தும். மெருகேற்றிய வெள்ளிப் பளபளப்பு அனலைக் குறைவாகவே வீசும். பிளாஸ்கின் உட்புறம் கண்ணாடி போல் மின்னுவதும் இதே காரணத்தால்தான். சூடு முழுவதும் அடங்கிவிடாது, குறையும். துருவும் எளிதில் அண்டாது.

பூச்சில்லாத எஃகுக் குழாய் எப்படித் தெரியும்? பைக்கின் பெண்ட் பைப்பைத் தொடாமல் உற்றுப் பாருங்கள். சிலவற்றில் வைக்கோல் மஞ்சள், ஊதா, நீலம் என்று வளையங்கள் தெரியும். யாரும் வண்ணம் அடிக்கவில்லை. சூட்டில் உலோகத்தின் மேல் மிக மெல்லிய ஆக்சைடு படலம் வளர்கிறது. அதன் மேற்புறத்திலும் அடிப்புறத்திலும் பட்டுத் திரும்பும் ஒளி ஒன்றோடொன்று கலந்து நிறம் காட்டுகிறது. சோப்புக் குமிழியில் தெரியும் நிறங்களும் இப்படித்தான். சாதாரண எஃகில் 220 டிகிரி வாக்கில் மஞ்சள், 300 டிகிரி வாக்கில் நீலம்.

இனி மாட்டும் வேலை. இடப்பக்கம் ஸ்டியரிங் பெட்டி, வலப்பக்கம் ஸ்டார்ட்டர் மோட்டார், நடுவில் கை நுழையக்கூட இடமில்லை. பல கார்களில் எஞ்சினைத் தாங்கும் போல்ட்டைக் கழற்றி, ஜாக்கி வைத்து எஞ்சினையே சற்றுத் தூக்கி, அடியிலிருந்து குழாய்களை நுழைக்கவேண்டும். பூச்சு உரசாமல் இருக்கத் துணி சுற்றிக்கொள்வார்கள். கசிவைத் தடுக்கும் கேஸ்கட் வைத்து, எல்லா போல்ட்டையும் கையால் ஏற்றிய பிறகு, நடுவில் தொடங்கி இரு ஓரங்களை நோக்கி முறுக்குவார்கள். ஓரத்திலிருந்து தொடங்கினால் நடுவில் இடைவெளி விழுந்து, புகை கசிந்து ‘டிக் டிக்’ என்று சத்தம் வரும்.

முதல் ஓட்டத்தில் குழாய் 500 டிகிரி சூடேறினால், 80 சென்டிமீட்டர் எஃகு ஏறக்குறைய 5 மில்லிமீட்டர் நீளும். ஆறினால் சுருங்கும். இந்த நீளலிலும் சுருங்கலிலும் போல்ட்டுகள் தளரும். அதனால் மறுநாள் காலை, எஞ்சின் நன்றாக ஆறியபின், ஸ்பானரை எடுத்துக்கொண்டு மறுபடியும் நடுவிலிருந்து தொடங்குவார்கள்.