குரல்வழி இல்ல இயக்கமும் தமிழ் இலக்கணமும்

முன்னுரை

கையால் தொட்டு இயக்கிய கருவிகளைச் சொல்லால் இயக்கும் காலம் இது. விளக்கையும் மின்விசிறியையும் பேச்சால் இயக்குதல் செல்வர் இல்லத்து ஆடம்பரம் எனக் கருதுவோர் உளர். ஆயின், படுக்கையை விட்டு எழ இயலாத முதியோர்க்கும் பார்வையற்றோர்க்கும் அது பிறர் துணையை எதிர்பாராது வாழ உதவும் பேருதவியாகும். ஜவ்வாது மலையின் ஜமுனாமரத்தூரில் இத்தகையதோர் இல்லத்தை அமைப்பதாகக் கொண்டு, அதன் இயங்குமுறையைக் காண்போம்.

நான்கு படிகள்

ஒலிவாங்கி ஓர் அழைப்புச் சொல்லுக்காகக் காத்திருக்கும். அச்சொல் ஒலித்தபின் நாம் பேசுவது முதற்படியில் எழுத்தாக மாற்றப்படும். எந்தக் கருவி, என்ன செயல் என்பது இரண்டாம் படியில் அவ்வெழுத்திலிருந்து பிரித்தறியப்படும். மூன்றாம் படியில் இல்ல இயக்க அமைப்பு உரிய சுவிட்சுக்குக் கட்டளை அனுப்பும். நான்காம் படியில், செயல் முடிந்தது என்னும் விடை குரலாக ஒலிக்கும்.

இரு வழிகள்

அமேசானின் அலெக்சா 2014இலும், கூகுள் அசிஸ்டென்ட் 2016இலும் அறிமுகமாயின. இவற்றை இணைக்க, நம் இல்ல அமைப்பின் கணக்கை அச்சேவையின் கணக்கோடு பிணைத்தல் வேண்டும். பிணைத்தபின் வீட்டிலுள்ள கருவிகளின் பட்டியலைச் சேவை பெறும். நம் குரல் இணையத்தின் வழியே தொலைவிலுள்ள கணினிக்குச் சென்று, கட்டளையாக வீடு திரும்பும். இது எளிய வழியே. எனினும், மலையில் இணையம் அறுந்தால் இப்பாலமும் அறும். வீட்டில் பேசும் பேச்சு வீட்டைக் கடந்து செல்வதும் எண்ணத்தக்கது.

மற்றொரு வழி, நான்கு படிகளையும் வீட்டிற்குள்ளேயே முடிப்பது. பாலஸ் ஸ்கவுட்சன் 2013இல் தொடங்கிய ஹோம் அசிஸ்டென்ட் என்னும் கட்டற்ற மென்பொருள் இதற்கு இடமளிக்கிறது. அதன் குழுவினர் 2023ஆம் ஆண்டைக் குரலுக்குரிய ஆண்டாக அறிவித்து உழைத்தனர். ஓப்பன் ஏஐ நிறுவனம் 2022இல் வெளியிட்ட விஸ்பர், தமிழ் உள்ளிட்ட பல மொழிகளின் பேச்சை எழுத்தாக்கும். அதனை வீட்டுக் கணினியிலேயே இயக்கலாம். சிறிய கணினியில் விடை சற்றுத் தாமதமாகும். மின்தடைக்கு மின்கலமும் தேவை. ஆயினும் இணையம் இல்லாதபோதும் விளக்கு சொற்கேட்கும்.

இலக்கணம் நுழையும் இடம்

பேச்சைச் சரியாக எழுதிய பின்னும் கருவி இயங்காது நிற்பதுண்டு. ‘கூடம்’ என்னும் பெயரில் அறையைப் பதிந்திருப்போம். ‘கூடத்து விளக்கைப் போடு’ என்று கூறுவோம். ‘கூடம்’ என்னும் வடிவம் அத்தொடரில் இல்லை! மகரம் கெட்டு அத்துச் சாரியை வந்துள்ளது. விளக்கும் இரண்டாம் வேற்றுமை உருபேற்று ‘விளக்கை’ ஆகியுள்ளது. ஜமுனாமரத்தூர் என்னும் பெயரின் ஈற்றுப் பகுதியையே மரம், அத்து, ஊர் எனப் பிரித்துக் காணலாம். நாம் எண்ணாமலே செய்யும் இத்திரிபுகளைக் கணினிக்கு எழுதித் தருதல் வேண்டும்.

மேலும், விளக்கை ஒருவர் ‘போடு’ என்பார். ஒருவர் ‘ஏற்று’ என்பார். ‘அணை’, ‘நிறுத்து’, ‘அமர்த்து’ எனவும் வழக்குகள் பல. ஹோம் அசிஸ்டென்ட்டில் அறைக்கும் கருவிக்கும் மாற்றுப்பெயர்களைச் சேர்க்கலாம். நமக்குரிய கட்டளைத் தொடர்களையும் எழுதிச் சேர்க்கலாம்.

முடிவுரை

நாளிதழ்த் தமிழை மட்டுமே கேட்டுப் பழகிய கருவிக்கு மலைவாழ் மூதாட்டியின் பேச்சு விளங்காது போகலாம். கருவி கேட்காத வழக்கைப் பேசுவோர், தம் இல்லத்திலேயே அயலாராவர். மொசில்லாவின் காமன் வாய்ஸ் திட்டம் தமிழ்க் குரல்களையும் பொதுவுடைமையாகத் திரட்டி வருகிறது. அதில் தொடர்களைப் படித்துப் பதிதலும், பிறர் பதிந்தவற்றைச் சரிபார்த்தலும் எவர்க்கும் இயலும். பொறியாளர் கம்பிகளை இணைத்துத் தருவர். சொல்லையும் பொருளையும் இணைக்கும் பணி தமிழ் பயில்வோரின் கடமையாகும். அதனை நம் மாணவர்கள் மேற்கொள்வார்களாக!