தொழிலாளர் நியதிகளும் முத்தரப்பு ஆலோசனையும்

ஆண்டுதோறும் ஜூன் மாதத்தில் ஸ்விட்சர்லாந்தின் ஜெனீவா நகரில் சர்வதேசத் தொழிலாளர் மகாநாடு கூடுகிறது. வேலை நேரம், ஊதியம், பாதுகாப்பு, மகப்பேற்று விடுப்பு முதலியவை பற்றிய உடன்படிக்கைகள் அங்கே உருவாகின்றன. தில்லியில் நான்கு வீடுகளில் பாத்திரம் துலக்கிப் பிழைக்கும் நம் ஊர்ப் பெண்ணுக்கும், மும்பைத் தாராவியில் ஒற்றையறை வீட்டில் துணி தைத்துக் கொடுக்கும் குடும்பத்திற்கும் ஜெனீவாவால் ஆவதென்ன என்று நேயர்களுள் சிலர் வினவக்கூடும். வினா நியாயமானதே. அங்கே எழுதப்படும் வாசகம் இவர்களை வந்து அடைவதற்குள் கடக்க வேண்டிய வாயில்கள் பல. அவ்வாயில்களில் அரசாங்கம், முதலாளிகள், தொழிலாளர் என்னும் மூன்று தரப்பாரும் எவ்வாறு கலந்து பேசுகின்றனர் என்பதையும், அப்பேச்சில் யாருடைய குரல் எட்டாமற்போகிறது என்பதையும் ஈண்டு விளக்க முற்படுகிறோம்.

சர்வதேசத் தொழிலாளர் ஸ்தாபனம் 1919-ஆம் ஆண்டில், முதல் உலகப் போர் முடிந்தவுடன் நிறுவப்பெற்றது. உழைப்பவர்க்கு நீதி கிடைக்காத உலகில் சமாதானம் நிலைக்காது என்பதே அதன் அடிப்படைக் கருத்து. இந்தியா தொடக்கம் முதலே அதன் உறுப்பு நாடு. நாடுகள் கூடும் பிற சபைகளில் அரசாங்கங்களே பேசும். இங்கோ ஒவ்வொரு நாடும் நான்கு பிரதிநிதிகளை அனுப்புகிறது. இருவர் அரசாங்கத்தின் சார்பினர். ஒருவர் முதலாளிகளின் சார்பினர். ஒருவர் தொழிலாளரின் சார்பினர். நால்வர்க்கும் தனித்தனி வாக்கு உண்டு. தொழிலாளர் பிரதிநிதி தம் நாட்டு அரசாங்கத்தின் கருத்துக்கு மாறாகவும் வாக்களிக்கலாம். அவரை அரசாங்கம் தன் விருப்பம்போல் நியமித்துவிட இயலாது; நாட்டில் மிகுந்த பிரதிநிதித்துவம் உள்ள சங்கங்களின் இசைவைப் பெற்றே நியமிக்க வேண்டும் என்பது ஸ்தாபனத்தின் சாசன விதி.

இவ்விதி நம் நாட்டில் பெரியதொரு விளைவை உண்டாக்கிற்று. 1919-இல் வாஷிங்டன் நகரில் கூடிய முதல் மகாநாட்டிற்கு இந்தியத் தொழிலாளர் பிரதிநிதியாகச் சென்றவர் என். எம். ஜோஷி. 1918-இல் சென்னைத் தொழிலாளர் சங்கத்தைத் தோற்றுவித்த பி. பி. வாடியாவும் ஆலோசகராக உடன் சென்றார். அப்போது அகில இந்தியத் தொழிற்சங்க ஸ்தாபனம் எதுவும் நம்மிடம் இல்லை. மறு ஆண்டு, 1920-இல், லாலா லஜபதி ராயின் தலைமையில் பம்பாயில் அகில இந்தியத் தொழிற்சங்கக் காங்கிரஸ் தோன்றியது. சர்வதேச மகாநாட்டிற்குப் பிரதிநிதியைத் தேர்ந்தனுப்பும் தகுதியுள்ள பொது ஸ்தாபனம் ஒன்று வேண்டும் என்ற எண்ணம் அதன் தோற்றத்திற்குரிய காரணங்களுள் ஒன்று.

வாஷிங்டனில் நிறைவேறிய முதல் உடன்படிக்கை தொழிற்சாலை வேலை நேரம் பற்றியது. நாளொன்றுக்கு 8 மணி, வாரத்திற்கு 48 மணி என்பது அதன் பொது விதி. இந்தியாவுக்கோ வாரத்திற்கு 60 மணி எனத் தனி விதி எழுதப்பட்டது. அவ்வுடன்படிக்கையை இந்தியா 1921-இல் ஏற்றது. 1922-இல் தொழிற்சாலைச் சட்டம் அதற்கேற்பத் திருத்தப்பட்டது. ஆண்டு முழுதும் இயங்கும் தொழிற்சாலைகளில் 48 மணி என்னும் வரம்பு 1946-ஆம் ஆண்டுத் திருத்தச் சட்டத்தினாலேதான் நம் தொழிலாளர்க்குக் கிட்டியது; நாடு விடுதலை பெற்ற பின் இயற்றப்பட்ட 1948-ஆம் ஆண்டுச் சட்டத்திலும் அவ்வரம்பு இடம்பெற்றது. உலக நியதி ஒன்று வகுக்கப்பட்டதும் அதன் பயன் தானே வந்து சேர்ந்துவிடுவதில்லை என்பதற்கு இது முதற் சான்று.

இனி அந்நியதி வரும் வழியைக் காண்போம். மகாநாட்டில் வெளியாகும் ஆவணங்கள் பெரும்பாலும் இருவகை. ஒன்று உடன்படிக்கை; ஒரு நாடு முறைப்படி ஏற்றுக் கையொப்பமிட்டுப் பதிவு செய்தால் அது அந்நாட்டைக் கட்டுப்படுத்தும். மற்றொன்று பரிந்துரை, அது வழிகாட்டும், கட்டுப்படுத்தாது. இவை நிறைவேறிய 12 மாதங்களுக்குள், தவிர்க்க இயலாத நிலையில் 18 மாதங்களுக்குள், ஒவ்வோர் அரசாங்கமும் சட்டமியற்றும் அதிகாரமுள்ள மன்றத்தின்முன் வைத்தல் வேண்டும். நம் நாட்டில் அம்மன்றம் பாராளுமன்றம். மன்றத்தின்முன் வைப்பது கடமை. உடன்படிக்கையை ஏற்பது நாட்டின் விருப்பம். ஏற்ற பின்னரும், உள்நாட்டுச் சட்டம் அதற்கு இயைந்திருந்தாலன்றித் தொழிலாளி நீதிமன்றத்தில் அதன் முழுப் பயனைப் பெற இயலாது.

இவ்வழியில் அரசாங்கம் தனித்து நடத்தலாகாது என்று விதிப்பதே 1976-இல் நிறைவேறிய 144-ஆம் உடன்படிக்கை. இந்தியா இதனை 1978-இல் ஏற்றது. ஐந்து விஷயங்களில் அரசாங்கம் மற்ற இரு தரப்பாரையும் கலந்தாலோசிக்க வேண்டும் என்கிறது அது. மகாநாட்டின் நிகழ்ச்சி நிரல் பற்றிய வினாக்களுக்கு அரசாங்கம் அளிக்கும் விடைகள் முதலாவது. பாராளுமன்றத்தின்முன் புதிய ஆவணங்களை வைக்கும்போது செய்யும் யோசனைகள் இரண்டாவது. இதுவரை ஏற்கப்படாத உடன்படிக்கைகளைத் தக்க காலங்களில் மறு ஆய்வு செய்தல் மூன்றாவது. ஏற்றவற்றைப் பற்றி ஜெனீவாவுக்கு அனுப்பும் அறிக்கைகளில் எழும் பிரச்சினைகள் நான்காவது. ஏற்ற ஒன்றிலிருந்து விலக எண்ணினால் அவ்வெண்ணம் ஐந்தாவது. ஆண்டுக்கு ஒரு முறையேனும் ஆலோசனை நிகழ வேண்டும். முதலாளிகளும் தொழிலாளரும் சம நிலையில் இடம்பெற வேண்டும். தத்தம் பிரதிநிதிகளை அவரவர் ஸ்தாபனங்களே தடையின்றித் தேர்ந்தெடுக்க வேண்டும்.

மொழிபெயர்ப்புப் பணியில் ஈடுபட்டுள்ள நாம் ஒரு சொல்லின் பொருளை இங்குத் தெளிவுபடுத்துதல் நலம். அறிவித்தல் வேறு, கலந்தாலோசித்தல் வேறு, இசைவு பெறுதல் வேறு. முடிவு செய்த பின் கடிதம் எழுதித் தெரிவிப்பது அறிவித்தல். பிறர் ஒப்பினால் மட்டுமே மேலே செல்வது இசைவு பெறுதல். கலந்தாலோசித்தல் இவ்விரண்டிற்கும் இடைப்பட்டது. இறுதி முடிவு அரசாங்கத்தினுடையதே; ஆயினும் அம்முடிவு உருப்பெறுவதற்கு முன்பே மற்றவரின் கருத்தைக் கேட்க வேண்டும்; கேட்ட கருத்து முடிவைத் திருத்தக்கூடிய நிலையில் இருக்க வேண்டும். இதனாலேயே உடன்படிக்கை ‘பயனுள்ள ஆலோசனை’ என்ற தொடரை ஆள்கிறது.

இந்தியாவில் இம்முறை 144-ஆம் உடன்படிக்கைக்கு முற்பட்டது. 1942 ஆகஸ்டு மாதம் டாக்டர் அம்பேத்கர் தலைமையில் புது தில்லியில் முத்தரப்புத் தொழிலாளர் மகாநாடு கூடியது. பின்னர் இந்தியத் தொழிலாளர் மகாநாடு எனப் பெயர் பெற்றது இதுவே. உலக உடன்படிக்கைகளை ஆராய்வதற்கென மூன்று தரப்பாரும் அடங்கிய குழு ஒன்று 1954-இல் அமைக்கப்பட்டது.

இத்தகைய பேச்சு வெறும் பேச்சன்று என்பதற்கு 1957-ஆம் ஆண்டின் 15-ஆவது மகாநாடு சான்று. குறைந்தபட்ச ஊதியத்தைக் கணக்கிடுகையில் உழைப்பவர் ஒருவர்க்கு மூன்று நுகர்வு அலகுகள், குடும்பத்திற்கு ஆண்டொன்றுக்கு 72 கெஜம் துணி, வீட்டு வாடகை, எரிபொருள் முதலியவற்றைக் கருத வேண்டும் என்று மூன்று தரப்பாரும் அங்கே ஒப்பினர். அது சட்டமன்று. எனினும் 1991-இல், சென்னைத் தொழிற்சாலை ஒன்றின் தொழிலாளர் தொடுத்த வழக்கில் உச்ச நீதிமன்றம் அவ்வளவுகளையே அடிப்படையாகக் கொண்டு, கல்வி, மருத்துவம் முதலிய செலவுகளுக்கு மேலும் 25 சதவிகிதம் சேர்க்க வேண்டும் என்றது. ஆனால் மகாநாடு கூடினாலன்றோ இத்தகைய முடிவுகள் பிறக்கும்? 46-ஆவது மகாநாடு 2015 ஜூலையில் நடந்தது. அதன் பின் பல ஆண்டுகள் அது கூட்டப்படவில்லை. அவ்விடைக்காலத்தில், 2019-இலும் 2020-இலும், தொழிலாளர் சட்டங்கள் நான்கு தொகுப்புகளாக மாற்றி இயற்றப்பட்டன. தங்களைப் போதிய அளவு கலந்தாலோசிக்கவில்லை என்று தொழிற்சங்கங்கள் பல முறையிட்டன.

மேலே கூறிய ஐந்து விஷயங்களுள் மூன்றாவதாகிய மறு ஆய்வை நேயர்கள் குறிப்பாக நினைவிற்கொள்ள வேண்டும். நாட்டின் சட்டமும் நடைமுறையும் முற்றும் இயைந்த பின்னரே ஓர் உடன்படிக்கையை ஏற்பது என்பது இந்தியாவின் வழக்கம். இதற்கு நேர்மையான காரணம் உண்டு, விலையும் உண்டு. வேலைக்கமர்த்தும் குறைந்தபட்ச வயது பற்றிய உடன்படிக்கை 1973-இல் நிறைவேறியது. மிகக் கொடிய குழந்தை உழைப்பு பற்றியது 1999-இல் நிறைவேறியது. சிவகாசித் தொழில்களில் குழந்தைகள் உழைத்தது பற்றிய வழக்கில் உச்ச நீதிமன்றம் 1996-இல் தீர்ப்பளித்தது. 2016-இல் சட்டம் திருத்தப்பட்டது. இரண்டு உடன்படிக்கைகளையும் இந்தியா 2017 ஜூன் 13-ஆம் நாள் ஏற்றது. 1973-இல் பத்து வயதுச் சிறுவனாக வேலைக்குச் சென்றவனுக்கு அப்போது வயது 54. ஏற்கப்படாத உடன்படிக்கையை மீண்டும் மீண்டும் ஆலோசனைக்குக் கொண்டுவர ஒருவர் இல்லையெனில் ஒரு தலைமுறையே கடந்துபோகும்.

இன்று அவ்வாறு காத்திருப்பவற்றுள் ஒன்று வீட்டுப் பணியாளர் பற்றிய 189-ஆம் உடன்படிக்கை. 2011-இல் 396 வாக்குகள் ஆதரவாகவும் 16 எதிராகவும் விழ, 63 பேர் நடுநிலை வகிக்க, இது நிறைவேறியது. இந்தியா ஆதரித்து வாக்களித்தது. ஆனால் இதுவரை ஏற்றுப் பதிவு செய்யவில்லை. வேலை நிபந்தனைகளைப் பணியாளருக்குப் புரியும்படி முன்னரே தெரிவித்தல், வாரத்தில் தொடர்ந்து 24 மணி நேரமேனும் ஓய்வு, கூலியை முறையாக மாதம் ஒரு முறையேனும் வழங்குதல் ஆகியவை அதன் விதிகளுட் சில. கேட்டால் எளியவையாகத் தோன்றும். வாரம் ஏழு நாளும் உழைக்கும் பெண்ணுக்கு எளியவையல்ல.

இவ்வுடன்படிக்கையை ஆலோசனை மேசைக்குக் கொண்டுவருபவர் யார்? தொழிலாளர்க்குரிய இடத்தில் அமர்வது, உறுப்பினர் தொகையைச் சரிபார்த்து அங்கீகரிக்கப்பட்ட மத்தியத் தொழிற்சங்கங்கள். எந்தச் சங்கத்தின் ஏட்டிலும் பெயரில்லாத தொழிலாளி அத்தொகையில் சேர்வதில்லை. மொழி தெரியாத ஊரில், நிலையான முகவரியின்றி, வீடு வீடாக வேலை செய்பவர் எளிதில் விடுபட்டுப்போகிறார். முதலாளி தரப்பிலும் இதே குறை உண்டு. பணியாளரை அமர்த்தும் இல்லத்தார் எந்த முதலாளிகள் சம்மேளனத்திலும் உறுப்பினர் அல்லர்.

இக்குறை தீர்க்க முடியாததன்று. 1972-இல் அகமதாபாத்தில் சுயதொழில் பெண்கள் சங்கத்தை இலா பட் பதிவு செய்ய முயன்றபோது, இப்பெண்களுக்கு முதலாளி என ஒருவர் இல்லையே, சங்கம் எதற்கு என்று பதிவு அலுவலகம் தயங்கிற்று. சங்கம் என்பது எதிர்ப்பதற்கு மட்டுமன்று, ஒன்றுபடுவதற்கும்தான் என்று வாதாடி அவர்கள் பதிவு பெற்றனர். அச்சங்கம் பிற நாட்டுச் சங்கங்களோடு சேர்ந்து முயன்றதன் பயனாக, வீட்டிலிருந்து வேலை செய்வோர் பற்றிய 177-ஆம் உடன்படிக்கை 1996-இல் ஜெனீவாவில் நிறைவேறியது. பின்னர் அச்சங்கம் மத்தியத் தொழிற்சங்கங்களுள் ஒன்றாகவும் அங்கீகாரம் பெற்றது. கூடை சுமந்தோரும் துணி தைத்தோரும் உலக மன்றத்தை எட்டிய வழி இது. 177-ஆம் உடன்படிக்கையையும் இந்தியா இன்னும் ஏற்கவில்லை என்பதால் அவ்வழி இன்னும் முடிந்தபாடில்லை.

ஆகவே வெளி மாநிலங்களில் வாழும் தமிழர்க்கு நாம் கூற விரும்புபவை இரண்டு. உழைத்துப் பிழைப்பவர் தாம் வாழும் ஊரில் தம் தொழிலுக்குரிய சங்கத்தில் சேர்தல் வேண்டும். நல வாரியங்கள் மாநிலந்தோறும் தனித்தனியே அமைவன. ஆதலின் சொந்த ஊர் அட்டையை மட்டும் நம்பியிராமல், அமைப்புசாராத் தொழிலாளர்க்கென 2021-இல் தொடங்கப்பட்ட தேசியப் பதிவேட்டிலும் பெயரைப் பதிந்துகொள்ள வேண்டும். அரசாங்கம் ஜெனீவாவுக்கு அனுப்பும் அறிக்கையின் நகல் பிரதிநிதித்துவமுள்ள சங்கங்களுக்குக் கிடைக்கும். சங்கங்கள் தம் கருத்தைத் தனியே எழுதியனுப்பலாம். அதனை ஆராயும் நிபுணர் குழு அரசாங்கத்திடம் விளக்கம் கேட்கும். ஓர் உறுப்பினர் தம் சங்கத்தில் சொல்லும் குறை இவ்வழியே கடல் கடந்தும் செல்லக்கூடும்.

மற்றொன்று, பணியாளரை அமர்த்தியுள்ள இல்லத்தார்க்கு. நேயர்களுள் அத்தகையோரும் பலர் உளர். சட்டம் வரும்வரை வாரத்தில் ஒரு நாள் ஓய்வு தருவதை எவரும் தடுப்பதில்லை. வேலை இன்னது, நேரம் இன்னது, கூலி இவ்வளவு என்று முதல் நாளே பணியாளரோடு கலந்து பேசிக் குறித்துக்கொள்வதற்குப் பாராளுமன்றத்தின் அனுமதி தேவையில்லை. இரு தரப்பாரும் சமமாக அமர்ந்து பேசும் பழக்கம் இல்லங்களில் வேரூன்றினால், நாளை அதுவே சட்டமாக வரும்போது நமக்குப் புதிதாகத் தோன்றாது.