மானாவாரிக் குடும்பத்துக்குக் கைகொடுக்கும் காட்டுப் புளி

தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களின் மலையோரக் கிராமங்களில் கேழ்வரகு, சாமை, கொள்ளு அறுவடை முடிந்துவிட்டால் வயலில் வேலை இருப்பதில்லை. நிலம் மழைக்காகக் காத்துக் கிடக்கும் மாசி, பங்குனி மாதங்களில்தான் காட்டில் புளி பழுக்கிறது. கூலியும் கிடைக்காத அந்த நாட்களில் ஏழைக் குடும்பங்களுக்குக் காடே கை முதல்.

ஆயினும் பலர் முன்னதாகவே வியாபாரியிடம் முன்பணம் வாங்கிவிடுகிறார்கள். பழம் இறங்கியதும், அவர் சொல்லும் விலைக்கு ஓட்டோடு கொடுத்துவிட நேர்கிறது. உழைப்பு ஒருவருக்கு, லாபம் மற்றவருக்கு என்றாகிவிடுகிறது.

ஓட்டோடு விற்க வேண்டாம்

100 கிலோ பழத்தில் சுமார் 55 கிலோ சதை, 34 கிலோ கொட்டை, 11 கிலோ ஓடும் நாரும் இருக்கும். கொட்டை மாவு நெசவு நூலுக்குக் கஞ்சி போடப் பயன்படுவதால் அதற்கும் தனி விலை உண்டு. ஓட்டோடு விற்பவருக்கு இந்த வரவு கிடைப்பதில்லை.

ஓடு பழுப்பு நிறமாகி, விரலால் அழுத்தினால் நொறுங்குவதே சரியான பக்குவம். கிளைகளை உலுக்கிப் பழம் உதிர்க்க வேண்டும். கழியால் அடித்தால் துளிர்கள் சேதமாகி, அடுத்த காய்ப்பு குறையும். பழத்தை நன்கு வெயிலில் காயவைத்து, ஓடு, நார், கொட்டை நீக்கி, உப்புத் தூவி அழுத்தி, மண்பானைகளில் ஈரம் படாமல் வைக்கவும். வரத்து குறையும் மழைக்காலத்தில் பெரும்பாலும் நல்ல விலை கிடைக்கும்.

தனி ஒருவர் அதுவரை காத்திருப்பது கடினம். மகளிர் சுய உதவிக் குழுவாகச் சேர்ந்து, குழுச் சேமிப்பிலிருந்து அவசரச் செலவுக்குக் கடன் கொடுத்துக்கொண்டால் முன்பணம் வாங்கத் தேவையிராது.

சட்டம் தரும் உரிமை

2006-ஆம் ஆண்டு வன உரிமைச் சட்டப்படி, காட்டை நம்பி வாழும் பழங்குடியினருக்கும், மூன்று தலைமுறையாக அங்கு வாழும் பிறருக்கும், வழிவழியாகச் சேகரித்துவந்த சிறு வன விளைபொருள்களை எடுக்கவும் விற்கவும் உரிமை உண்டு. இதற்கான மனுவைக் கிராம சபையில் கொடுக்க வேண்டும்.

பட்டா நிலம் உள்ளவர்கள் பெரியகுளம் 1 ரக ஒட்டுக்கன்றுகளை 10 மீட்டர் இடைவெளியில் நடலாம். விதைக்கன்றை விட இவை பல ஆண்டுகள் முன்னதாகவே காய்க்கும். காட்டு மரத்தைக் காப்பதோடு சொந்த மரத்தையும் வளர்ப்பவருக்குப் பங்குனியில் கடன் வாங்க வேண்டிய நிலை குறையும்.