விலகி நிற்கும் துணை

நுழையும்முன்

பள்ளிப்படிப்பை முடித்தோர் வேலைக்குச் செல்வது இயல்பு. ஆனால், வேலைக்களத்தில் ஒருவர் அருகிருந்து கற்பித்தால் மட்டுமே தம் திறனை வெளிப்படுத்த இயலும் என்னும் நிலையில் உள்ளோரும் நம்மிடையே வாழ்கின்றனர். அவர்களுக்குத் துணைநிற்கும் பணிப் பயிற்றுநர்கள் எவ்வாறு உருவாகின்றனர் என்பதை இப்பாடம் விளக்குகிறது.

பதினெட்டு வயதுக்குப் பின்

அறிவுசார் குறைபாடு, ஆட்டிசம், மூளை முடக்குவாதம் முதலியன குழந்தைப் பருவத்திலேயே தோன்றி வாழ்நாள் முழுவதும் தொடர்பவை. இவற்றை வளர்ச்சிசார் குறைபாடுகள் என்பர். 2011ஆம் ஆண்டின் மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி, இந்தியாவில் அறிவுசார் குறைபாடு உடையோர் மட்டும் ஏறத்தாழ 15 இலட்சம் பேர். இத்தகைய மாணவர்க்கு 6 முதல் 18 வயது வரை கட்டணமில்லாக் கல்வியைச் சட்டம் உறுதிசெய்கிறது. அதன்பின் பலருடைய வாழ்க்கை வீட்டுச் சுவர்களுக்குள் சுருங்கிவிடுகிறது. "எங்கள் காலத்திற்குப் பின் இவனை யார் பார்ப்பார்?" என்னும் கவலை பெற்றோரை வாட்டுகிறது. தாமே ஈட்டும் வருவாயும், நாள்தோறும் செல்ல ஓர் இடமும், பெயர் சொல்லி அழைக்கும் தோழர்களும் அமையுமாயின், அக்கவலையில் பெரும்பகுதி நீங்கும்.

வேறு வழியில் முயல்தல்

நெடுங்காலம், இவர்களுக்கெனத் தனிப் பட்டறைகளே ஏற்ற இடம் எனக் கருதப்பட்டது. 'முதலில் பயிற்சி, முழுத் தகுதி வந்தபின் வேலை' என்பது அங்கு நிலவிய விதி. அந்தத் தகுதி வந்துவிட்டதென எவரும் கூறாமையால், பலர் வாழ்நாள் முழுவதும் பயிற்சியிலேயே இருந்தனர்.

இந்த எண்ணத்தை அசைத்தவர்களுள் ஒருவர் அமெரிக்க ஆய்வாளர் மார்க் கோல்டு. மிதிவண்டிப் பிரேக்கின் 15 பாகங்களை முறையாக இணைக்க, அறிவுசார் குறைபாடு உடையோருக்கு அவர் கற்பித்தார். 1972இல் வெளியான அவ்வாய்வு, சிக்கலான வேலையையும் அவர்கள் கற்கவல்லவர்கள் எனக் காட்டியது. ஒருவர் கற்கவில்லையெனில் குறை அவரிடம் இல்லை. கற்பிக்கும் முறையை மாற்றிப் பார்க்க வேண்டும் என்பதே அவருடைய கொள்கை. இதன் தொடர்ச்சியாக, 'முதலில் வேலை. வேலைக்களத்திலேயே பயிற்சி' என்னும் முறை வளர்ந்தது. அம்முறையின் அச்சாணி பணிப் பயிற்றுநர்.

கொங்கு மண்ணின் களங்கள்

கோயம்புத்தூரின் பம்புசெட், கிரைண்டர் தொழிற்கூடங்களும் திருப்பூரின் பனியன் நிறுவனங்களும் பல சிறு வேலைகள் இணைந்து இயங்குபவை. திருப்பூரில் தையற்காரர், கைமடி, பிசிறு வெட்டுவோர், செக்கிங் செய்வோர், பேக்கிங் செய்வோர் எனப் பலருடைய கைகளைக் கடந்தே ஒரு பனியன் கடைக்குச் செல்கிறது. இவ்வாறு பகுக்கப்பட்ட வேலைகளில், ஒருவருடைய திறனுக்கு ஏற்ற ஒன்றைக் கண்டறிய முடியும்.

பேக்கிங் பிரிவில் சேரும் ஓர் இளைஞரை எடுத்துக்கொள்வோம். 'மடித்துப் பெட்டியில் வை' என்பது பிறருக்கு ஒரே கட்டளை. பயிற்றுநரோ அதனைப் பல படிகளாகப் பகுக்கிறார். பனியனை மேசையில் விரித்தல், கைப்பகுதிகளை உள்நோக்கி மடித்தல், அட்டையை வைத்து மடித்தல், உறையிலிடுதல், எண்ணி அடுக்குதல் என ஒவ்வொரு படியும் தனித்தனியே கற்பிக்கப்படுகிறது. எண்ணிக்கை தடுமாறினால், பன்னிரண்டு கட்டங்கள் வரைந்த அட்டை மேசைமீது வைக்கப்படுகிறது. கட்டங்கள் நிரம்பினால் ஒரு டஜன் முடிந்தது எனப் பொருள். அங்கு மாறியது இளைஞர் அல்லர், வேலையின் அமைப்பே.

பயிற்றுநருக்குப் பயிற்சி

இப்பணிக்கு அன்பு மட்டும் போதாது. முறையான பயிற்சி வேண்டும். இந்திய மறுவாழ்வுக் கழகச் சட்டம் 1992இல் இயற்றப்பட்டபின், மாற்றுத்திறனாளிகளுக்குக் கற்பிப்போரின் படிப்புகள் நெறிப்படுத்தப்பட்டன. தொழில்சார் மறுவாழ்வுக்கான பட்டயப் படிப்பும் அவற்றுள் உண்டு. கோயம்புத்தூரை அடுத்த பெரியநாயக்கன்பாளையத்தில், இராமகிருஷ்ண மிஷன் வித்தியாலய வளாகத்தில், சிறப்புக் கல்விக்கும் மாற்றுத்திறன் மேலாண்மைக்கும் தனிப் புலம் ஒன்று இயங்குகிறது.

பணிப் பயிற்றுநர் முதலில் கற்க வேண்டியது உற்றுநோக்கல். ஒருவர் எதை விரும்புகிறார், எந்த ஓசைக்கு அஞ்சுகிறார், எப்போது சோர்கிறார் என்பவற்றை அறிய வேண்டும். அடுத்து, அவ்வேலையைத் தாமே செய்து பழக வேண்டும். தறியோசைக்கும் இயந்திர வெப்பத்திற்கும் இடையே நின்று பார்த்தவருக்கே அதன் இடர்கள் புலப்படும்.

மூன்றாவது, துணையின் அளவை அறிதல். சொல்லால் உணர்த்துதல், சைகை காட்டுதல், செய்து காட்டுதல், கைபிடித்துச் செய்வித்தல் எனத் துணை பலவகைப்படும். தேவைக்கு மிகாமல் அதனை அளித்து, நாள்தோறும் குறித்துவைத்துப் படிப்படியாகக் குறைக்க வேண்டும். இங்கேதான் புதிய பயிற்றுநர்கள் தடுமாறுகின்றனர். உற்பத்தி தாமதமாகும்போது, மேற்பார்வையாளரின் சினத்திற்கு அஞ்சி, வேலையைத் தாமே செய்து முடித்துவிடுகின்றனர். அன்றைய கணக்கு நேராகும். ஆனால், இளைஞர் கற்க வேண்டிய ஒரு படி பறிபோகும்.

நான்காவது, மனிதரை இணைத்தல். ஐயம் எழும்போது பயிற்றுநரைத் தேடாமல், பக்கத்து மேசை அக்காவிடமோ அண்ணனிடமோ கேட்கும் நிலை உருவாக வேண்டும். உடன்பணிபுரிவோருக்கு, மெதுவாகவும் தெளிவாகவும் பேசும் முறையைக் கற்பிப்பதும் பயிற்றுநரின் கடமை. ஊதியத்தை இரக்கத்தின் கொடையாக அன்றி, உழைப்பின் உரிமையாகப் பேசிப் பெற்றுத்தருவதும் அதில் அடங்கும்.

தெரிந்து தெளிவோம்

மாற்றுத்திறனாளிகள் உரிமைகள் சட்டம், 2016, இருபத்தொரு வகைக் குறைபாடுகளை ஏற்றுள்ளது. அரசுப் பணியிடங்களில் 4 விழுக்காடு மாற்றுத்திறனாளிகளுக்கு ஒதுக்கப்படுகிறது. அதில் 1 விழுக்காடு ஆட்டிசம், அறிவுசார் குறைபாடு, குறிப்பிட்ட கற்றல் குறைபாடு, மனநோய் ஆகியவற்றையும் பல்வகைக் குறைபாடுகளையும் உடையோருக்கு உரியது.

வெற்றியின் அளவுகோல்

முதல் வாரங்களில் பயிற்றுநர் நாள் முழுதும் அருகில் நிற்கிறார், பின்னர் அரைநாள், பின்னர் வாரம் ஒருமுறை. புதிய இயந்திரம் வந்தாலோ, பழகிய மேற்பார்வையாளர் மாறினாலோ மீண்டும் வருகிறார். பிற பணிகளில் ஒருவர் இன்றியமையாதவராக விளங்குவதே பெருமை. பணிப் பயிற்றுநரோ, தாம் தேவைப்படாத நாளை நோக்கியே உழைக்கிறார். அந்த நாளில் இளைஞர் தாமே பேருந்தேறி வந்து, தம் மேசையில் அமர்ந்து, மாத இறுதியில் ஊதியத்தைத் தம் கையால் வாங்கிச் செல்வார். அவ்வாறு வருவோரை உடன்பணியாளராக ஏற்கும் பொறுப்பு, நாளை அத்தொழிற்கூடங்களில் பணியாற்றவிருக்கும் இன்றைய மாணவர்களுக்கு உரியது.