ஆவூருக்கு வந்தவர்களும் இங்கிருந்து போகிறவர்களும்

புதுக்கோட்டை மாவட்டத்தின் வடக்கு ஓரத்தில், திருச்சிக்கும் விராலிமலைக்கும் அணுக்கமாக இருக்கிறது ஆவூர். செம்மண் காடு, மழையை நம்பிய குளங்கள், நடுவில் பெரியநாயகி மாதா கோயில். ஈஸ்டரை ஒட்டிப் பாஸ்கா நாடகமும் தேர்பவனியும் நடக்கும் நாட்களில் சுற்றுவட்டாரச் சனம் சாதி மதம் பாராமல் இங்கே திரளும். மற்ற நாட்களில் அமைதியான ஊர். மூன்று நூற்றாண்டுக்கு முன் பாரிசில் புத்தகம் படிக்கிறவர்கள் இந்த ஊரின் பெயரை அறிந்திருந்தார்கள் என்று சொன்னால் இன்று உள்ளூர்ப் பிள்ளைகளே நம்ப மாட்டார்கள்.

அந்தப் பெயரை அங்கே கொண்டுபோனவர்கள் இயேசு சபைத் துறவிகள். அவர்களில் முக்கியமானவர் வெனான்சியுஸ் புஷே. 1655-இல் பிரான்சில் பிறந்தவர். முப்பதைத் தாண்டிய வயதில் சயாம் நாட்டுக்குப் பணிக்கு அனுப்பப்பட்டார். 1688-இல் அங்கே அரசு கவிழ்ந்து பிரெஞ்சுக்காரர்கள் விரட்டப்பட, நம் கரைக்கு வந்து சேர்ந்தார். மதுரை மிஷனில் சேர்ந்து தமிழ் கற்றார். பெரிய சஞ்சீவிநாதர் என்று மக்கள் அவரை அழைத்தார்கள். 1697-இல் பழைய ஆவூரில் கோயில் எழுப்பினார். பின்னால் போர்க்காலத்தில் அது அழிந்தது. இப்போது நாம் பார்க்கும் கோயில் 1747-இல் எழுந்தது.

அன்று இங்கே போதிக்க வந்தவர் முதலில் மாணவராக உட்கார வேண்டியிருந்தது. இறைச்சியும் மதுவும் விட்டுவிட வேண்டும். சோறு, காய்கறி, பால் இவைதான் உணவு. காவி உடுத்து, கால்நடையாகவே ஊர் ஊராகப் போக வேண்டும். 1606-இல் மதுரைக்கு வந்த ராபர்ட் தெ நோபிலி தொடங்கிவைத்த வழி இது. அவர் பிராமணச் சந்நியாசிபோல வாழ்ந்தார். அவருக்குப் பின் வந்தவர்களில் பலர் பண்டாரசாமிகளாக வாழ்ந்து எல்லாச் சாதியாரிடமும் போனார்கள். 1693-இல் ஓரியூரில் தலை வெட்டப்பட்ட அருளானந்தர், அதாவது ஜான் தெ பிரிட்டோ, அந்த வகைச் சாமி.

இந்த ஏற்பாட்டைப் பலர் மெச்சி எழுதியிருக்கிறார்கள். எனக்கு அதில் பாதிதான் உடன்பாடு. மொழியையும் உணவையும் உடையையும் ஏற்றுக்கொண்டது பெரிய காரியம்தான். ஆனால் சாதியையும் அப்படியே ஏற்றுக்கொண்டார்கள். உயர்ந்த சாதியாருக்கு ஒரு வகைச் சாமியார், மற்றவர்களுக்கு வேறு வகை என்று தொடங்கியது, 1744-க்குப் பிறகு ஒடுக்கப்பட்டவர்களுக்கென்றே தனிக் குருக்களை ஒதுக்கும் அளவுக்குப் போனது. கோயிலுக்குள் தனித்தனி இடம், கல்லறையில் தனித்தனி வரிசை என்று தமிழ்த் திருச்சபை நெடுங்காலம் பட்ட அவமானத்துக்கு வேர் அங்கேயும் இருக்கிறது. இன்றும் அது முழுக்க அறுபடவில்லை.

கற்பித்தலில் புஷே செய்த ஒரு காரியம் என்னை விட்டு அகலாதது. ராணி மங்கம்மாள் ஆட்சியில் அதிகாரம் தளவாய் நரசப்பையாவின் கையில் இருந்தது. மிஷனுக்குப் பாதுகாப்புக் கேட்டு அவரைப் பார்க்கப் போன புஷே, காணிக்கையாகச் சில பொருட்களைக் கொண்டுபோனார். அவற்றில் ஒன்று ஏறக்குறைய 2 அடி விட்டமுள்ள பூகோள உருண்டை. அதில் நாடுகள், நகரங்கள், கடல்கள் எல்லாவற்றின் பெயரும் தமிழில் எழுதப்பட்டிருந்தன! உலகத்தைத் தமிழில் எழுதிக் கையில் ஏந்திப் போக, அவர் எத்தனை இரவு எண்ணெய் விளக்கடியில் உட்கார்ந்திருப்பார்? பக்கத்தில் ஒரு தமிழர் உட்கார்ந்து எழுத்துத் திருத்தியிருக்க வேண்டும். அவர் யார் என்று எங்கேயும் இல்லை.

அவரைப் போன்ற தமிழர்கள் இல்லாமல் எந்தச் சாமியாரும் இங்கே ஒரு மாதம்கூட ஓட்டியிருக்க முடியாது. உபதேசியார்கள்தாம் ஊருக்குள் முதலில் போனார்கள், செபம் சொல்லிக்கொடுத்தார்கள், நோயாளியைப் பார்த்தார்கள், குழந்தைகளுக்கு ஞானஸ்நானம் கொடுத்தார்கள், தண்டனை வந்தால் முதலில் அடி வாங்கினார்கள். 1711-இல் இதே மிஷனுக்கு வந்த இத்தாலியர் வீரமாமுனிவர், அவர்களுக்கென்றே ‘வேதியர் ஒழுக்கம்’ என்று ஒரு உரைநடை நூல் எழுதினார். அவருடைய தேம்பாவணிக் காப்பியத்தைக் கொண்டாடுகிற நாம் அந்தச் சின்ன நூலையும் எடுத்துப் படிக்க வேண்டும். யாரை நம்பி அந்த மிஷன் நின்றது என்பது அதில் தெரியும்.

சாமியார்கள் பாரிசுக்கு எழுதிய கடிதங்கள் 1702 முதல் 1776 வரை 34 தொகுதிகளாக வெளிவந்தன. ஆவூர் ஐரோப்பாவுக்குத் தெரிந்தது அவற்றால்தான். புஷே 1714-இல் புதுச்சேரியிலிருந்து எழுதிய நீண்ட கடிதம் ஒன்று நம் நாட்டு நீதிமுறையைப் பற்றியது. எழுதிவைத்த சட்டப் புத்தகம் இல்லாமலே வழக்காறும் பழமொழியும் கொண்டு ஊர்த்தலைவர் எப்படி வழக்கைத் தீர்க்கிறார் என்று அவர் விவரிக்கிறார். அவருக்குப் பிடிக்காததும் அதில் உண்டு, புரியாததும் உண்டு. இருந்தும் அன்றைய கிராம வழக்குகளை அறிய அந்தக் கடிதத்தைத்தான் இன்றைய ஆய்வாளர்கள் புரட்ட வேண்டியிருக்கிறது.

1773-இல் ரோம் இயேசு சபையைக் கலைத்தது. சபை மீண்டும் உயிர்பெற்ற பின், 1830-களின் பிற்பகுதியில் பிரெஞ்சு இளைஞர்கள் மறுபடி வந்தார்கள். அவர்களில் பலர் காலராவில் இளவயதிலேயே மாண்டார்கள். 1923-இல் தூத்துக்குடிக்குத் திபூர்சியுஸ் ரோச் என்ற இந்தியர் ஆயரானதோடு காலம் திரும்பியது. 1960-களில் பூசை லத்தீனிலிருந்து தமிழுக்கு வந்தது. வெளிநாட்டவர் இங்கே மதப்பணி செய்ய இன்று தனி விசா வேண்டும். சுற்றுலா விசாவில் வந்து போதிக்க முடியாது. இன்றைய தமிழகப் பங்குகளில் வெள்ளைக்காரச் சாமியார் பழைய புகைப்படத்தில் மட்டுமே இருக்கிறார்.

இப்போது கப்பல் எதிர்த்திசையில் போகிறது. தமிழகக் கிராமங்களிலிருந்து இளம் குருக்களும் கன்னியர்களும் ஜெர்மனிக்கும் இத்தாலிக்கும் ஆப்பிரிக்க நாடுகளுக்கும் பணிக்குப் போகிறார்கள். ஜெர்மனிக்குப் போகிறவர் முதலில் மொழித் தேர்வு எழுதுகிறார். பனியில் நடக்கப் பழகுகிறார். ரொட்டியும் உருளைக்கிழங்கும் சாப்பிடக் கற்கிறார். முதியவர்கள் சிலரே வந்து உட்காரும் பெரிய கோயிலில், தன் உச்சரிப்பைப் பார்த்து யாரும் முகம் சுளிக்கிறார்களா என்று கவனித்தபடி பிரசங்கம் செய்கிறார். புஷே பட்ட பாடுதான் இது. ஒரு வித்தியாசம், புஷேயின் வீட்டாருக்கு அவர் கடிதம் போய்ச் சேர மாதக்கணக்காகும். இவர் இரவு வாட்ஸ்அப்பில் அம்மாவின் முகம் பார்க்கிறார். இன்னொன்று, அன்று வந்தவர்களில் பெரும்பாலோர் சாகவே வந்தார்கள். இவர்களில் பலர் சில ஆண்டு ஒப்பந்தத்தில் போய்த் திரும்புகிறார்கள்.

ஆனால் வாட்ஸ்அப்பில் பேசியது காற்றோடு போய்விடுகிறது. ஐரோப்பாவைப் பற்றித் தமிழ்க் கிராமத்துப் பிள்ளை ஒருவன் என்ன கண்டான், எதற்கு வியந்தான், எங்கே அவமானப்பட்டான், யார் அவனுக்குச் சோறு போட்டார்கள் என்பது எங்கேயும் பதிவாவதில்லை. முந்நூறு ஆண்டு கழித்துத் தேடுகிறவருக்கு அவர்கள் நம்மைப் பற்றி எழுதியது கிடைக்கும், நாம் அவர்களைப் பற்றி எழுதியது கிடைக்காது. உபதேசியார்களின் குரலை ஒருமுறை இழந்துவிட்டோம். இரண்டாவது முறையும் இழப்பது நியாயமில்லை.

பணிக்குப் போகிற தம்பி தங்கைகளே, மாதம் ஒரு பக்கமாவது தமிழில் எழுதுங்கள். சபைக்கு அனுப்பும் அறிக்கையாக அல்ல, உங்கள் ஊருக்கு எழுதும் கடிதமாக. உங்களுக்கு மொழி சொல்லிக்கொடுத்தவரின் பெயரை அதில் மறக்காமல் குறித்து வையுங்கள். பங்குத்தந்தையர்களே, அந்தக் கடிதங்களை வாங்கி ஞானஸ்நானப் பதிவேட்டுக்குப் பக்கத்தில் வைத்துக் காப்பாற்றுங்கள்.