நடுவில் நிற்கும் நூலகம்

லினக்ஸ் இயக்க அமைப்பில் ஒரு நிரல் தன் பணிகள் அனைத்தையும் தானே செய்துகொள்வதில்லை. கோப்பைத் திறக்கவும் நேரத்தை அறியவும் சி நூலகத்திலுள்ள செயற்கூறுகளைப் பெயர் சொல்லி அழைக்கிறது. நூலகம், இயக்க அமைப்பின் உட்கருவான கெர்னலிடம் கேட்டு விடையைப் பெற்றுத் தருகிறது. அழைக்கப்பட்ட செயற்கூறு எந்த நூலகத்தில் உள்ளது என்பதை, நிரல் இயங்கும்போது இணைப்பான் தேடிக் கண்டறியும். வரிசையாகத் தேடும் அது, அப்பெயரில் முதலில் கிடைப்பதையே ஏற்றுக்கொள்ளும். அதை எழுதியவர் யார் என்று கேட்பதில்லை.

இங்கேதான் ஒரு வாயில் திறக்கிறது. நாம் எழுதிய சிறு நூலகத்தை ‘எல்டி பிரீலோட்’ என்னும் சூழல் மாறியில் குறித்துவிட்டால், அது வரிசையின் முதலிடத்தில் நிற்கும். நிரலின் ஓர் எழுத்தைக்கூட மாற்றாமலேயே அதன் நடத்தையை மாற்றிவிடலாம்.

டெபியன் குழுவினர் பயன்படுத்தும் ‘ஃபேக்ரூட்’ இதற்குச் சிறந்த சான்று. மென்பொருள் பொதியில் அடங்கும் கோப்புகள் ‘ரூட்’ என்னும் முதன்மைப் பயனருக்கு உரியனவாகப் பதிவாக வேண்டும். அதற்காக ரூட் அதிகாரத்துடனேயே பொதியை உருவாக்கினால், கட்டளையில் நேரும் ஒரு பிழை கணினி முழுவதையும் அழித்துவிடக்கூடும். ஃபேக்ரூட், உரிமையை மாற்றக் கோரும் அழைப்பை இடைமறித்து, வட்டில் எதையும் மாற்றாமல் தன் நினைவில் மட்டும் குறித்துக்கொள்கிறது. பின்னர் “இக்கோப்பு யாருடையது?” என்னும் வினா எழும்போது, “ரூட்டினுடையது” என்று விடையளிக்கிறது. நிரல் அதை நம்பிப் பொதியில் எழுதிவிடுகிறது. நன்மை பயக்கும் பொய் என்றே இதனைச் சொல்ல வேண்டும்.

இதே வாயில் வழியாகத் தீயோரும் நுழைவர். கணினியைக் கைப்பற்றிய ஒருவர், கோப்புப் பட்டியலைப் படிக்கும் செயற்கூற்றை இடைமறித்துத் தம் கோப்புகளின் பெயர்களை மட்டும் நீக்கிவிடலாம். பட்டியலைப் பார்க்கும் நிருவாகிக்கு எல்லாம் சரியாகவே இருப்பதாகத் தோன்றும். ‘ஜின்க்ஸ்’ என்னும் தீநிரல் இவ்வழியில் செயல்பட்டதே.

கடவுச்சொல்லை மாற்றும் நிரல் போன்று சிறப்பு அதிகாரத்துடன் இயங்குபவற்றில், பயனர் தாமே எழுதிய நூலகத்தை இணைப்பான் ஏற்பதில்லை. ஆனால், ரூட் அதிகாரத்தையே கைப்பற்றியவருக்கு இது தடையன்று. ஆகவே ஐயம் எழும்போது வல்லுநர்கள், தேவையான செயற்கூறுகள் அனைத்தையும் தன்னுள்ளேயே கொண்ட ‘பிஸிபாக்ஸ்’ போன்ற கருவியை வெளியிலிருந்து எடுத்துவந்து கோப்புகளைப் பட்டியலிடுவர். அதற்கு இணைப்பானே தேவையில்லை என்பதால், மறைக்கப்பட்ட பெயர்கள் அதன் பட்டியலில் வெளிப்பட்டுவிடும்.