புலிமியா: உடம்பைப் பார்த்துக் கண்டுபிடிக்க முடியாத நோய்

புலிமியா உள்ளவர்களில் பலர் முதலில் போய் நிற்பது பல் டாக்டரிடம். பல் கூசுகிறது என்பார்கள். இல்லையென்றால் நெஞ்செரிச்சல் என்று வயிற்று டாக்டரிடம் போய் அல்சர் மாத்திரை வாங்கி வருவார்கள். சாப்பிட்டதை நானே வாந்தி எடுக்கிறேன் என்பதை மட்டும் யாரிடமும் சொல்வதில்லை. மனநல மருத்துவரிடம் வந்து சேர்வதற்குள் ஆண்டுகள் ஓடிவிடுகின்றன. அவ்வளவு காலம் வேதனைப்படத் தேவையே இல்லாத, குணமாகக்கூடிய நோய் இது.

கல்யாண விருந்தில் மூக்குப் பிடிக்கச் சாப்பிடுவதும் புலிமியாவும் ஒன்றா?

இல்லை. விருந்தில் நாலு பேரோடு ரசித்துச் சாப்பிடுகிறோம், போதும் என்றால் இலையை மூடிவிடுகிறோம். புலிமியாவில் அந்தப் ‘போதும்’ வராது. வீடு உறங்கிய பிறகு, அடுப்படியில் விளக்குகூடப் போடாமல், நின்றபடியே சாப்பிடுவார்கள். தண்ணீர் ஊற்றி வைத்த சோறு, மிச்சக் குழம்பு, ஒரு பாக்கெட் பிஸ்கட், டப்பாவிலிருந்த சர்க்கரை என்று ஒன்றுக்கொன்று பொருந்தாததெல்லாம் வேகவேகமாக உள்ளே போகும். ருசியே தெரியாது. வயிறு வலிக்கும்போதுதான் கை நிற்கும். உடனே, எடை ஏறிவிடுமே என்ற பயம் பிடித்துக்கொள்ளும். அந்தப் பயத்தில் சிலர் வாந்தி எடுப்பார்கள், சிலர் பேதி மாத்திரை போடுவார்கள், சிலர் மறுநாள் முழுக்கப் பட்டினி கிடப்பார்கள், சிலர் மணிக்கணக்கில் ஓடுவார்கள். இது வாரத்துக்கு ஒரு முறையாவது என்ற கணக்கில் 3 மாதங்களாக நடந்து, உடம்பின் எடையையும் வடிவத்தையும் வைத்தே ஒருவர் தன்னை மதிப்பிட்டுக்கொண்டிருந்தால் அது புலிமியா.

என் மகள் மெலியவே இல்லையே. அவளுக்கு எப்படி இந்த நோய் இருக்கும்?

பெற்றோர் அதிகம் ஏமாறும் இடம் இதுதான். பட்டினியால் எலும்பும் தோலுமாக்கும் அனோரெக்சியா நோயைப் பார்த்தவுடன் தெரிந்துவிடும். புலிமியா அப்படியல்ல; அதைத் தனி நோயாகப் பிரித்தறியவே காலம் பிடித்தது. லண்டன் ராயல் ஃப்ரீ மருத்துவமனையின் மனநல மருத்துவர் ஜெரால்டு ரஸ்ஸல் 1979-ல் 30 நோயாளிகளைப் பற்றி எழுதியபோதுதான் இந்த நோய்க்கு மருத்துவ உலகில் தனிப் பெயரே கிடைத்தது. புலிமியா உள்ளவர்களில் பெரும்பாலானவர்களின் எடை சராசரியாகவோ சற்றுக் கூடுதலாகவோதான் இருக்கும்.

வாந்தி எடுத்தால் சாப்பிட்டது முழுவதும் வெளியே வந்துவிடாது. பேதி மாத்திரை வேலை செய்வது பெருங்குடலில். சத்தெல்லாம் அதற்கு முன்பே சிறுகுடலில் உறிஞ்சப்பட்டுவிடுகிறது. போவது தண்ணீரும் உப்புகளும்தான். எடை இயந்திரத்தில் ஒரு நாள் குறைந்து தெரிவது அந்தத் தண்ணீர். இதை நம்பி மேலும் பட்டினி கிடந்தால், காய்ந்த வயிறு அடுத்த இரவில் இன்னும் ஆவேசமாகச் சாப்பிட வைக்கும். ‘எனக்குக் கட்டுப்பாடே இல்லை’ என்று அழும் பெண்களிடம் முதலில் சொல்ல வேண்டியது இதைத்தான்: உன் கட்டுப்பாடு குறைந்ததால் மட்டும் இது வரவில்லை. அளவுக்கு மீறிய கட்டுப்பாடே இதைத் தூண்டிவிடுகிறது.

எடை காட்டிக்கொடுக்காது என்பதால் வீட்டார் கவனிக்க வேண்டியது வேறு: சாப்பிட்டவுடன் குளியலறைக்குப் போய்க் குழாயைத் திறந்துவிடுவது, காதுக்குக் கீழே கன்னம் உப்பியிருப்பது, முன்பற்களின் உள்பக்கம் தேய்ந்திருப்பது, விரல் முட்டிகளில் காய்ப்புத் தழும்பு, வாங்கி வைத்த தின்பண்டம் சொல்லாமல் காணாமல் போவது.

இது மேல்நாட்டுப் பணக்காரர்களின் நோய்தானே?

1995 நவம்பரில் பிபிசி தொலைக்காட்சிப் பேட்டியில் இளவரசி டயானா தனக்குப் பல ஆண்டுகள் புலிமியா இருந்ததைச் சொன்னார். அதனால் இது அரண்மனை நோய் என்று பலருக்கு ஓர் எண்ணம். ஆனால் அதே 1995-ல்தான் பிஜித் தீவின் நட்ரோகா பகுதிக்குத் தொலைக்காட்சி வந்து சேர்ந்தது. பருத்த உடம்பைச் செழிப்பின் அடையாளமாகக் கொண்டாடிய ஊர் அது. எடையைக் குறைக்க வாந்தி எடுப்பதாகச் சொன்ன பள்ளி மாணவிகள் அந்த ஆண்டு ஒருவர்கூட இல்லை. 1998-ல் அது 11.3 சதவீதம் ஆனது. ஹார்வர்டு மருத்துவப் பள்ளியின் ஆன் பெக்கர் செய்த ஆய்வு இது.

நம் வீடுகளில் தொலைக்காட்சிக்கு முன்பே உறவுக்காரர்கள் இருக்கிறார்கள். ‘என்னடி, பூசினாப்ல ஆயிட்டே?’, ‘மாப்பிள்ளை வீட்டுக்காரங்க வர்றதுக்குள்ள கொஞ்சம் இளைச்சுக்கோ’ என்ற பேச்சுகளை நாம் அன்பு என்றே நினைக்கிறோம். ஏற்கெனவே மனம் வாடியிருக்கும் ஒரு பெண்ணுக்கு அது அப்படிக் கேட்பதில்லை.

ஆண்களுக்கு வருமா?

வரும். பெண்களைவிடக் குறைவு. ஜிம், உடற்பயிற்சி என்ற பெயரில் மறைந்துகொள்வதால் கண்டுபிடிப்பது இன்னும் கடினம்.

உயிருக்கு ஆபத்து உண்டா?

உண்டு. அடிக்கடி வாந்தியும் பேதியும் ஆனால் ரத்தத்தில் பொட்டாசியம் சரியும். இதயத் துடிப்பு தாறுமாறாகி நின்றுபோகவும் கூடும். மயக்கம், படபடப்பு, கைகால் தளர்ச்சி, வாந்தியில் ரத்தம் இவற்றில் எது வந்தாலும் 108-ஐ அழையுங்கள். மனநல மருத்துவர்கூட முதல் நாளிலேயே ரத்தப் பரிசோதனையும் ஈசிஜியும் எடுக்கச் சொல்வது இதனால்தான். இன்னொன்று: வாந்தி எடுத்த உடனே பல் துலக்கக் கூடாது. அமிலத்தில் ஊறிய எனாமல் பிரஷ் பட்டால் மேலும் தேயும். தண்ணீரில் வாய் கொப்பளித்தால் போதும்.

சிகிச்சை என்றால் அறிவுரை சொல்வதுதானா?

அறிவுரையால் இது தீராது. ஆக்ஸ்ஃபோர்டு பல்கலைக்கழகத்தின் கிறிஸ்டோபர் ஃபேர்பர்ன் உருவாக்கிய, உணவுக் கோளாறுகளுக்கான அறிதிறன் நடத்தைச் சிகிச்சைதான் இதற்கு நன்கு நிரூபிக்கப்பட்டது. சுமார் 20 வாரங்கள், 20 அமர்வுகள். முதல் வாரமே ஒரு குறிப்பேடு கொடுத்துவிடுவார்கள். என்ன சாப்பிட்டேன், எத்தனை மணிக்கு, எங்கே, கட்டுமீறிச் சாப்பிட்டேனா, வாந்தி எடுத்தேனா, அப்போது மனதில் என்ன ஓடியது என்று அன்றன்றே எழுத வேண்டும். ‘காலை 8: ஒரு இட்லி. மதியம்: இல்லை. மாலை 4: அம்மாவோடு சண்டை. இரவு 11:’ என்று ஒரு பக்கம் இருந்தால், இரவு 11 மணிக்கு என்ன நடந்திருக்கும் என்பதை எழுதியவரே படித்துப் புரிந்துகொள்வார். அடுத்த படி, மூன்று வேளைச் சாப்பாடும் இடையில் சிற்றுண்டியும், 4 மணி நேரத்துக்கு மேல் இடைவெளி விடாமல். எடை பார்ப்பது வாரம் ஒரு முறை மட்டும். எடை ஏறிவிடும் என்று பயந்தே இப்படி வேளாவேளைக்குச் சாப்பிட எல்லோரும் தயங்குவார்கள். பெரும்பாலும் எடை அதிகம் மாறுவதில்லை. 18 வயதுக்கு உட்பட்டவர்களுக்குப் பெற்றோரையும் சேர்த்துக் குடும்பச் சிகிச்சை தருவார்கள்.

குணமாகுமா என்றால், பாஸ்டனில் நோயாளிகளை 22 ஆண்டுகள் தொடர்ந்து கவனித்த ஆய்வில் புலிமியா உள்ள பெண்களில் 68 சதவீதம் பேர் மீண்டிருந்தார்கள்.

மாத்திரை சாப்பிட்டால் அடிமையாகிவிடுவோமா?

ஃபுளுவாக்ஸெட்டின் என்ற மாத்திரையை அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு புலிமியாவுக்கென அனுமதித்திருக்கிறது. அது போதைப் பழக்கம் உண்டாக்காது. பலன் தெரியச் சில வாரங்கள் பிடிக்கும். மனச்சோர்வுக்குத் தருவதைவிட இதற்கு அளவு கூடுதலாகத் தேவைப்படலாம். அதை மருத்துவர்தான் முடிவு செய்ய வேண்டும், நிறுத்துவதும் அவர் சொன்ன பிறகே. பழைய சீட்டைக் காட்டிக் கடையில் வாங்கிப் போடாதீர்கள். புப்ரோபியான் என்ற மனச்சோர்வு மருந்து புலிமியா உள்ளவர்களுக்கு வலிப்பை வரவழைக்கக்கூடும். அதனால்தான் மருத்துவரிடம் உண்மையைச் சொல்வது அவ்வளவு முக்கியம்.

எங்கே போவது? வெளியில் தெரிந்துவிடாதா?

14416 என்ற டெலி மனஸ் எண்ணை 24 மணி நேரமும் இலவசமாக அழைக்கலாம், தமிழில் பேசலாம். உயிரை மாய்த்துக்கொள்ளும் எண்ணம் வந்தாலும் தயங்காமல் அழைக்க வேண்டிய எண் இது. அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளில் மனநலப் பிரிவு இருக்கிறது. மாவட்ட மனநலத் திட்டத்தின் மருத்துவர்களையும் பார்க்கலாம். தனியாரிடம் போனால், பேச்சுச் சிகிச்சை தருபவர் இந்திய மறுவாழ்வுக் குழுமத்தில் பதிவு பெற்ற மருத்துவ உளவியலாளரா என்று தயங்காமல் கேளுங்கள். உணவுக் கோளாறுகளுக்குச் சிகிச்சை அளித்த அனுபவம் உண்டா என்றும் கேளுங்கள். மனநலம் படித்த எல்லோருக்கும் இதில் பழக்கம் இருக்காது.

நோயாளியின் விவரங்களை ரகசியமாகக் காப்பது 2017 மனநலப் பராமரிப்புச் சட்டம் தரும் உரிமை. உடல்நோய்க்குத் தருவதுபோலவே மனநோய்க்கும் மருத்துவக் காப்பீடு தர வேண்டும் என்றும் அதே சட்டம் சொல்கிறது.

வீட்டில் நாங்கள் என்ன செய்யலாம்?

குளியலறைக் கதவைத் தட்டிக் கையும் களவுமாகப் பிடிக்காதீர்கள், அலமாரியைப் பூட்டாதீர்கள். சாப்பாட்டு நேரத்தில் பேசாமல், வேறொரு அமைதியான வேளையில், ‘நீ கஷ்டப்படுறது தெரியுது. டாக்டரைப் பார்க்கலாம், நானும் வர்றேன்’ என்று சொல்லுங்கள். முதல் முறை மறுத்தால் சில நாள் விட்டு மறுபடி கேளுங்கள். வீட்டில் எடைப் பேச்சை, யாருடைய எடையானாலும், நிறுத்துங்கள்.

டாக்டர் முன்னால் வாய் திறந்து சொல்ல முடியவில்லை. என்ன செய்வது?

ஒரு தாளில் எழுதிக் கொடுங்கள். எவ்வளவு காலமாக, வாரத்தில் எத்தனை முறை, வாந்தியா பேதி மாத்திரையா பட்டினியா, மாதவிலக்கு ஒழுங்காக வருகிறதா, இப்போது சாப்பிடும் மருந்துகள் என்னென்ன. ஐந்தாறு வரி போதும். உள்ளே போனதும் முதலில் அதை நீட்டிவிடுங்கள். மீதியை அவர் கேட்பார்.